பிரெஞ்சில் 96 மதிப்பெண், தமிழால் கிடைத்த விலக்கு: அமெரிக்கக் கல்லூரியின் மொழித் தேவை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாணவி சென்னையைச் சேர்ந்தவர். சிபிஎஸ்இ பள்ளி, ஆங்கில வழி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இரண்டாம் மொழியாக பிரெஞ்சு படித்தார். சென்னைப் பள்ளிகளில் பலர் பிரெஞ்சு எடுப்பதன் காரணம் ஊரறிந்தது: மதிப்பெண். வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். ஆனால் பள்ளியில் தமிழ் ஒரு நாளும் பாடமாக இருந்ததில்லை. பாட்டி சொல்லித் தந்த எழுத்துகளைக் கொண்டு கடைப் பலகையும் பேருந்துப் பலகையும் படிப்பார். வாட்ஸாப்பில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்.

2022இல் பத்தாம் வகுப்பு பிரெஞ்சில் அவர் பெற்றது 96. அந்த ஆண்டு கொரோனா காரணமாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு இரண்டு பருவமாக நடந்தது. முதல் பருவம் முழுக்கக் கொள்குறி வினா, 90 நிமிடம். அதற்கு முன் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வகுப்புகள் திரையில் நடந்தன. வாய் திறந்து பிரெஞ்சு பேசிய நேரம் மிகக் குறைவு. பதினொன்று, பன்னிரண்டில் ஆங்கிலம் மட்டுமே மொழிப்பாடம். எனவே 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது பிரெஞ்சைத் தொட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

விதி என்ன கேட்டது

அந்தக் கல்லூரியில் பட்டம் பெற, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் நான்காம் செமஸ்டர் அளவுத் தேர்ச்சி வேண்டும். அதை அடையப் பல வழி. நான்காம் நிலைப் பாடத்தை சி தரத்துக்குக் குறையாமல் முடிக்கலாம். நிலை அறியும் தேர்வில் நான்காம் நிலையைத் தாண்டிய மதிப்பெண் எடுக்கலாம். பள்ளிக் காலத்தில் எழுதும் ஏபி அல்லது ஐபி தேர்வின் மதிப்பெண் காட்டலாம். ஆங்கிலம் அல்லாத வழியில் பள்ளிப்படிப்பை முடித்ததற்குச் சான்று தரலாம். கல்லூரியில் கற்பிக்காத மொழி என்றால், வெளி அமைப்பு நடத்தும் தேர்வில் பேச்சு, எழுத்து இரண்டிலும் மொழித் திறனை அளக்கும் ஆக்ட்ஃபில் என்ற அமெரிக்க அளவுகோலின் 'இடைநிலை - நடு' என்ற தரத்தை எட்ட வேண்டும்.

இங்கே மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்வது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. 'நிலை' என்பது எந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்ற பரிந்துரை. 'விலக்கு' என்பது தேவை தீர்ந்தது என்ற பதிவு. 'கிரெடிட்' என்பது பட்டத்துக்குத் தேவையான மொத்தம் 120இல் சேரும் பாட அளவு. இந்தக் கல்லூரியில் நிலை அறியும் தேர்வு முதலாவதைத் தரும், மதிப்பெண் மிக உயர்ந்தால் இரண்டாவதையும் தரும், மூன்றாவதைத் தராது. சில கல்லூரிகளில், தேர்வு சொன்ன வகுப்பில் சேர்ந்து பி தரம் வாங்கினால் தாண்டி வந்த கீழ்வகுப்புகளுக்கும் சேர்த்துக் கிரெடிட் கிடைக்கும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. மாணவி இந்த வேறுபாட்டைப் படிக்கவில்லை; புதிய மாணவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அது நான்காம் பக்கத்தில் இருந்தது.

ஜூலை 2024: நிலை அறியும் தேர்வு

தேர்வு இணையவழி. வீட்டிலிருந்தே எழுதலாம், கண்காணிப்பு இல்லை. கேள்வி முழுக்க இலக்கணம், சொல், சிறு பத்தி வாசிப்பு. கேட்டல் இல்லை, பேச்சு இல்லை. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். இப்படி ஏறி இறங்கி, மாணவர் தடுமாறத் தொடங்கும் இடத்தைப் பிடிப்பதுதான் இவ்வகைத் தேர்வின் வேலை. ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு விடைகளுக்குக் கீழே 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தானும் இருந்தது.

அவர் ஏமாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகையான மதிப்பெண்ணைப் பார்த்ததும் முதலில் எழும் சந்தேகம் மொழிபெயர்ப்புச் செயலியின் மேல்தான். நடந்தது வேறு. தேர்வுக்கு முந்தைய நான்கு நாள் பழைய நோட்டை எடுத்து வினைத் திரிபு அட்டவணைகளை மனப்பாடம் செய்தார். 'தெரியவில்லை' பொத்தானை ஒரு முறைகூட அழுத்தவில்லை. தவறுக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் எதையும் காலியாக விடாதே என்பது நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன பாடம். அப்படிப்பட்ட தேர்வுக்கு அது சரி. இங்கே நான்கில் ஒன்று என்ற கணக்கில் குருட்டாம்போக்கில் விழுந்த ஒவ்வொரு சரியான விடையும் அவரை அவருக்கு மேற்பட்ட கேள்விகளிடம் தள்ளியது. விடைகளை விலக்கி விலக்கிச் சரியானதைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் கை கொடுத்தது.

முடிவு: மூன்றாம் நிலை. இன்னும் இரண்டு செமஸ்டர், எட்டு கிரெடிட் படித்தால் தேவை தீரும் என்று தெரிந்ததும் வீட்டில் மகிழ்ந்தார்கள்.

முதல் மூன்று வாரம்

மூன்றாம் நிலை வகுப்பு வாரம் நான்கு நாள், முழுக்க பிரெஞ்சில். ஆசிரியர் பேசுவதில் பாதிக்கு மேல் மாணவிக்குப் பிடிபடவில்லை. அவர் படித்த பிரெஞ்சு கண்ணால் படித்தது. வகுப்பில் வந்தது காதால் கேட்க வேண்டியது. 'எனக்குத் தெரியாது' என்பதை அவர் 'ஜெ நெ சே பா' என்று நான்கு சொல்லாக அறிந்திருந்தார். ஒலிப்பதிவில் அது 'ஷேபா' என்று ஒரே மூச்சில் வந்துபோனது. அதே வாக்கியத்தைத் தாளில் கொடுத்தால் ஒரு நொடியில் மொழிபெயர்த்துவிடுவார்.

முதல் சிறுதேர்வில் இலக்கணப் பகுதியில் 25க்கு 21. கேட்டல் பகுதியில் 25க்கு 6. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கலின் வடிவம் முழுதும் தெரிகிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்த ஆசிரியர் 'இன்னும் உழைக்க வேண்டும்' என்று குறிப்பு எழுதினார். உழைப்பு குறையவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் பிரெஞ்சுக்கே போனது, அதன் விலையைக் கால்குலஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வார முடிவில் அவர் ஆலோசகரிடம் போனார். இரண்டு வாரம் முன்பே போயிருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும்: பாடம் சேர்க்கும் கெடு பத்தாவது வகுப்பு நாளோடு முடிந்துவிட்டது. அதுவரை இரண்டாம் நிலைக்கு இறங்க ஒரு சொடுக்கு போதுமாக இருந்தது.

12 கிரெடிட் கணக்கு

விலகுவது என்று முடிவெடுப்பது எளிது. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் உள்ள இளநிலை மாணவர் ஒவ்வொரு வழக்கமான செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். மாணவி பதிவு செய்திருந்தது 15: பிரெஞ்சு 4, கால்குலஸ் 4, கணினி அறிவியல் 4, எழுத்துப் பயிற்சி 3. பிரெஞ்சை விட்டால் 11. ஒரே ஒரு கிரெடிட் குறைந்தாலும் விசா நிலை போய்விடும். அனுமதி பெறாமல் முதலில் விலகிவிட்டு, பிறகு சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுவது ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் செய்யும் தவறு. பிறகு கேட்கும் அனுமதிக்குப் பயன் இல்லை.

ஆலோசகரும் அந்த அலுவலகத்தில் மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவும் நான்கு வழிகளை எடைபோட்டார்கள். தரம் இல்லாமல் 'தேர்ச்சி' என்று மட்டும் பதியும் முறைக்கு மாறலாமா? மொழித் தேவைக்கான பாடம் எழுத்துத் தரத்தோடுதான் எடுக்கப்பட வேண்டும் என்பதால் ஆகாது. இரண்டாம் நிலைக்கு இறங்கலாமா? கெடு போய்விட்டது. மூன்றாவது, குறைந்த பாடச்சுமைக்கான முன் அனுமதி. விசா விதியிலேயே அதற்கான காரணங்களில் ஒன்றாகத் 'தவறான நிலையில் பாடம் ஒதுக்கப்பட்டது' என்பது எழுதப்பட்டிருக்கிறது. மாணவியின் நிலைமை அதற்கு அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் கல்விச் சிரமத்தை முன்னிட்டுத் தரும் இந்தச் சலுகை இளநிலைப் படிப்பு முழுவதற்கும் ஒரு முறைதான். முதல் செமஸ்டரிலேயே அதைச் செலவழித்துவிட்டால் மூன்றாம் ஆண்டில் உண்மையாகவே நெருக்கடி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது என்று டிஎஸ்ஓ கருதினார். அது சரியான கணிப்பு.

நான்காவது வழி எடுக்கப்பட்டது. செமஸ்டரின் பின்பாதியில் தொடங்கும் 2 கிரெடிட் பாடங்களுக்குப் பதிவு இன்னும் திறந்திருந்தது. முதலில் அதில் ஒன்றைச் சேர்த்தார்கள். கணக்கு 17 ஆனது. மறுநாள் பிரெஞ்சை விட்டார்; 13. இந்த வரிசை முக்கியம். முதலில் விட்டுப் பிறகு சேர்த்திருந்தால் இடையில் ஓர் இரவு 11 என்று பதிவாகியிருக்கும், பின்பாதிப் பாடத்தில் இடம் தீர்ந்திருந்தால் அதுவே நிலைத்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் பிரெஞ்சுக்கு எதிரே, பாடத்திலிருந்து விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' விழுந்தது. சராசரியை அது பாதிக்காது.

வேறு வழி தேடியது

நவம்பரில் மறுபடி கூடிப் பேசியபோது மேசையில் இருந்தது இரண்டு யோசனை. ஒன்று, பிரெஞ்சை இரண்டாம் நிலையில் புதிதாகத் தொடங்கி மூன்று செமஸ்டர், 12 கிரெடிட் படிப்பது. மற்றொன்றை ஆலோசகரே கேட்டார்: வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்? அதுவரை அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை, மாணவிக்கும் தோன்றவில்லை. தமிழில் அவருக்கு மதிப்பெண் பட்டியல் கிடையாது. மதிப்பெண் இல்லாத மொழியைத் தனக்குத் தெரிந்த மொழியாக அவர் கணக்கில் வைக்கவே இல்லை.

பள்ளிச் சான்று வழி முதலில் முயலப்பட்டு, மறுக்கப்பட்டது. ஆங்கில வழிப் பள்ளி, தமிழ்ப் பாடம் இல்லை, மறுப்பு நியாயமானதே. அதே ஆண்டு தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்து வந்த வேறொரு மாணவருக்கு, மதிப்பெண் பட்டியலின் நகலும் பயிற்று மொழிச் சான்றிதழும் கொடுத்த ஒரு வாரத்தில் விலக்கு கிடைத்தது. ஏபி தேர்வுகளில் தமிழ் இல்லை. கல்லூரிக் கிரெடிட்டுக்காக எழுதும் சிலெப் தேர்வும் பிற மொழிகளில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியத்துக்கு மட்டுமே. கல்லூரியில் தமிழ்த் துறை இல்லாததால் துறைத் தேர்வும் இல்லை. எஞ்சியது வெளித் தேர்வு. அதை எழுதுவதற்கு முன், முடிவு எந்த வடிவில் வந்தால் கல்லூரி ஏற்கும் என்று பதிவாளர் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். பேச்சுத் தேர்வு மட்டும் போதும் என்று நினைத்துக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. இங்கே எழுத்தும் கட்டாயம் என்பது அந்தக் கடிதத்தில்தான் தெளிவானது.

பிப்ரவரி 2025: பேச்சு தேறியது, எழுத்து தவறியது

பேச்சுத் தேர்வு ஓபிஐ எனப்படும் நேர்காணல். பயிற்சி பெற்ற தேர்வாளர் ஒருவர் தொலைபேசியில் 15 முதல் 30 நிமிடம் பேசுவார். அன்றாட விஷயத்தில் தொடங்கி, எங்கே மாணவர் உறுதியாக நிற்கிறார் என்று பார்த்து, பிறகு ஒரு படி மேலே கேள்வியைத் தூக்கி எங்கே சறுக்குகிறார் என்று பார்ப்பார். நடுவே ஒரு பாவனைச் சூழல் வரும். மாணவிக்குப் பயம் இருந்தது பேச்சு வழக்கு பற்றி: 'போயிட்டு வந்தேன்' என்று சொல்லலாமா, 'சென்று வந்தேன்' என்று சொல்ல வேண்டுமா? தொலைபேசியில் ஒருவரிடம் பேசும்போது பேச்சுத் தமிழ்தான் இயல்பு, மேடைத் தமிழைப் போட்டுக்கொண்டால் சரளம் போய்விடும் என்று அறிவுறுத்தப்பட்டது. சரியாக அமைந்தது. கிடைத்த தரம் 'உயர்நிலை - தொடக்கம்', தேவைக்கு இரண்டு படி மேல்.

எழுத்தில் வந்தது 'தொடக்கநிலை - உயர்வு'. தேவைக்கு இரண்டு படி கீழ். ஒரே மொழி, ஒரே ஆள், நான்கு படி இடைவெளி.

தர அறிக்கை காரணம் சொல்வதில்லை. மாணவி நினைவிலிருந்து விவரித்ததையும், பிறகு அதே மாதிரித் தலைப்பில் எழுத வைத்துப் பார்த்ததையும் கொண்டே காரணங்கள் கணிக்கப்பட்டன. முதல் காரணம் யாரும் எதிர்பாராதது: விரல். தமிழ் விசைப்பலகையில் அவர் தட்டியதே இல்லை. தேர்வில் திரையில் தெரிந்த விசைப்பலகையை மவுஸால் ஒவ்வொன்றாகச் சொடுக்கினார். பத்தி எழுத வேண்டிய இடத்தில் மூன்று நான்கு வரியோடு நேரம் முடிந்தது. மாதிரி எழுதியபோது அளந்ததில் நிமிடத்துக்கு மூன்று சொல்.

இரண்டாவது காரணம் அந்த வரிகளுக்குள் இருந்தது. மாதிரியில் அவர் எழுதிய ஒரு பகுதி:

'நேத்து பாட்டி வீட்டுக்கு போனென். அங்க பெரிய மறம் இருக்கு. அதுல மாங்கா பரிச்சி சாப்ட்டோம்.'

பேசியிருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை. தாளில் மூன்று விதப் பிழை தெரிகிறது: பேச்சு ஈறுகள் (அங்க, இருக்கு, அதுல), எழுத்து மயக்கம் (மரம் 'மறம்' ஆகி வீரமாகிவிட்டது, பறித்தல் பரித்தல் ஆனது, 'போனேன்' குறிலாகக் குறுகியது), வல்லெழுத்து மிகாமை (வீட்டுக்கு போனென்).

90 நாள்

அதே மொழியில் மறுதேர்வு எழுத 90 நாள் இடைவெளி வேண்டும் என்பது தேர்வு அமைப்பின் விதி. அதையே பயிற்சிக் காலமாக வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் வெளியூரில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர். வாரம் ஒரு மணி நேரம் காணொளியில்.

எல்லாவற்றையும் கற்பிக்க முயலவில்லை என்பதே இந்தத் திட்டத்தின் பலம். இடைநிலைத் தரம் கேட்பது தன்னைப் பற்றியும் அன்றாடத்தைப் பற்றியும் புரியும்படி தொடர்ந்து வாக்கியங்கள் எழுதுவதையும், கேள்வி கேட்பதையும். இலக்கியத் தமிழ் கேட்கவில்லை. எனவே முதல் மூன்று வாரம் வெறும் தட்டச்சு, தினம் 20 நிமிடம். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ என்று நான்கு விசையில் 'அம்மா'. ஆங்கில ஒலிப்படி தட்டும் அமைப்பு அவருக்கு விரைவில் கைவந்திருக்கும்தான். ஆனால் அதில் ந, ன, ண மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தைச் சுற்றியே விரல் தடுமாறும், ஏற்கெனவே இருந்த மயக்கம் கூடும். தமிழ்99இல் மூன்றுக்கும் தனித்தனி இடம். விரல் இடம் மாறும்போது எழுத்தும் மனதில் பிரிகிறது. கைப்பேசியில் தானே சொல்லை முடித்துக் கொடுக்கும் வசதி மூன்று மாதமும் அணைத்து வைக்கப்பட்டது, தேர்வில் அது இருக்காது என்பதால்.

நான்காம் வாரத்திலிருந்து ஈறுகள். பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றும் சுமார் இருபது வடிவங்கள் ஒரே தாளில் எழுதப்பட்டன: இருக்கு - இருக்கிறது, வந்தாங்க - வந்தார்கள், போறோம் - போகிறோம், வீட்டுல - வீட்டில், அவன்கிட்ட - அவனிடம், பண்றேன் - செய்கிறேன். மாணவி தன் நாளைப் பற்றிக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்வார். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே எழுத்து வடிவில் தட்டுவார். புதிதாக எதையும் கற்காமல், வாயில் இருப்பதைத் தாளுக்கு இடம் மாற்றும் வேலை இது. மிக வேகமாகப் பலன் தந்த பயிற்சியும் இதுதான்.

எழுத்து மயக்கத்துக்கு விதி சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அடிக்கடி எழுதும் 150 சொற்களின் பட்டியல், அதற்கு வாரந்தோறும் சொல்லெழுத்து. சந்தியில் இரண்டே இடம் மட்டும்: 'ஐ' உருபுக்குப் பிறகும் 'கு' உருபுக்குப் பிறகும் க, ச, த, ப வந்தால் மிகும். பாடத்தைப் படித்தேன், வீட்டுக்குப் போனேன். மீதிச் சந்தியெல்லாம் வேண்டுமென்றே விடப்பட்டது. தன்னார்வலர் இதற்கு முதலில் ஒப்பவில்லை. அரைகுறையாகக் கற்பிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மனக்குறை புரிகிறது. ஆயினும் 90 நாளில் எல்லாவற்றையும் திருத்தப் போயிருந்தால் மாணவி எழுதவே அஞ்சியிருப்பார்.

பன்னிரண்டாம் வாரம் வேகம் நிமிடத்துக்கு 12 சொல். அரை மணியில் மூன்று பத்தி எழுத முடிந்தது.

மே 2025இல் நடந்ததும் அதன் பின்னும்

பேச்சின் தரம் செல்லுபடியாக இருந்ததால் எழுத்து மட்டும் மறுபடி எழுதினார். 'இடைநிலை - நடு'. தேவையான தரம்தான், அதற்கு மேல் ஒரு படியும் இல்லை. முடிவைத் தேர்வு அமைப்பு நேரடியாகப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். மாணவி தானே பதிவிறக்கி இணைத்த பிரதி ஏற்கப்படவில்லை, அதில் இரண்டு வாரம் போனது. ஜூன் இறுதியில் பட்டக் கணக்கில் மொழித் தேவைக்கு எதிரே 'நிறைவு' என்று வந்தது.

விலக்கு கிடைத்ததால் 120 குறையவில்லை. மொழிக்காகப் போயிருக்க வேண்டிய 12 கிரெடிட்டை வேறு பாடங்களால் நிரப்ப வேண்டும். அதில் எட்டைப் புள்ளியியலுக்கு ஒதுக்கினார். 'டபிள்யூ' பட்டியலில் அப்படியே இருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றுவது

நிலை அறியும் தேர்வுக்கு முன் அட்டவணைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் கருவி. நான்கு நாள் நினைவில் நிற்கும் சரக்கைக் காட்டினால் நான்கு மாதம் தாங்க முடியாத வகுப்பில் போய் விழ நேரும். தெரியாததற்கு 'தெரியவில்லை' அழுத்த வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு: மதிப்பெண் தேவையையே தீர்த்துவிடும் எல்லைக்கு மிக அருகில் இருப்பவர் உண்மையாகவே திரும்பப் படித்துவிட்டு எழுதுவது நியாயம். மாணவி அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை.

தேர்வில் கேட்டல் பகுதி இல்லையென்றால், சேரப்போகும் வகுப்பின் ஒலிப்பதிவு ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிக் கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் வாரத்திலேயே புரியவில்லை என்றால் பத்தாவது நாளுக்கு முன் கீழ்நிலைக்கு இறங்க வேண்டும். எஃப்-1 மாணவர் முதல் செமஸ்டரில் 15க்குப் பதில் 16 அல்லது 17 கிரெடிட் பதிந்து வைத்தால், ஒரு நாலு கிரெடிட் பாடத்தை விட்டாலும் 12க்குக் கீழே போகாது.

ஆலோசகரின் அலுவலகம் தன் பங்குக்கு ஒன்றை மாற்றியது. சேர்க்கைப் படிவத்தில் 'பள்ளியில் படித்த மொழிகள்' என்ற கட்டத்துக்குக் கீழே இப்போது இன்னும் இரண்டு கட்டம் இருக்கிறது: அந்த மொழியைக் கடைசியாக எப்போது படித்தீர்கள், வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்.